இளஞ்சிவப்பாகிவிட்ட சிலிக்கா ஜெல்

ஒரு பொருள் எந்தெந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் கருவி எஃப்.டி.ஐ.ஆர். அந்தக் கருவிகள் பலவற்றின் மேல்மூடியில் நகக்கண் அளவுக்கு ஒரு வட்டம் இருக்கும். உள்ளே காற்று உலர்ந்திருந்தால் நீலம். ஈரம் ஏற ஏற வெளிறி, கடைசியில் இளஞ்சிவப்பு. ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று யாராவது கேட்டால், துறைத்தலைவர் அறைக்குப் போக வேண்டாம், நேரே போய் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். நாகர்கோவிலைச் சுற்றியும், களியக்காவிளை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்திலும் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆராய்ச்சி மையம் என்ற பலகைக்கும் பஞ்சமில்லை. சேர்க்கை நேரத்துப் புத்தகத்தில் கருவியின் படம் இருக்கும், பக்கத்தில் அதன் விலை இருக்கும். தரவரிசைப் படிவத்தில் எத்தனை திட்டம், எவ்வளவு தொகை என்று கேட்பார்கள், நிரப்பிக் கொடுப்போம். போன வருடம் அந்தக் கருவி எத்தனை நாள் ஓடியது என்று கேட்கும் கட்டம் மட்டும் எங்கேயும் கண்ணில் படவில்லை.

இதில் என்னை விடாமல் உறுத்துவது ஒன்றுதான். இருபது லட்சம் ரூபாய்க் கருவி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சில நூறு ரூபாய்ச் சிலிக்கா ஜெல்லை மாற்றாததால் கெடுகிறது. அலட்சியம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கருவியின் கோப்புகளை எடுத்து வரிசையாகப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. வட்டம் நிறம் மாறிய அன்று, அந்தக் கட்டடத்தில் எண்ணூறு ரூபாய் செலவழிக்க அதிகாரம் உள்ளவர் ஒருவரும் இல்லை. இருபது லட்சத்துக்குக் கையெழுத்துப் போட ஆறு பேர் இருந்தார்கள்.

உப்பும் மழையும்

கருவி எப்படிக் கெடுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், பணத்தின் சிக்கல் அதற்குப் பிறகுதான் விளங்கும். நடு அகச்சிவப்பு ஒளியைச் சாதாரணக் கண்ணாடி உள்ளே விடாது. அதனால் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும் பீம் ஸ்பிளிட்டரைப் பொட்டாசியம் புரோமைடு தகட்டின்மேல் ஜெர்மானியம் பூசிச் செய்கிறார்கள். ஆய்வகத்தில் கேபிஆர் என்போம். கருவிக்குள் ஒளி புகும் ஜன்னல்களும் பெரும்பாலும் அதே பொருள். சொல்லப்போனால் அது மெருகேற்றிய ஒரு துண்டு உப்பு. 25 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 81 சதவீதத்தைத் தொட்டால் கேபிஆர் தானாகவே ஈரம் இழுத்துக் கரையத் தொடங்கும். சமையல் உப்புக்கு அந்த எல்லை 75. ஆனி, ஆடிச் சாரலில் அடுக்களை உப்பு ஜாடி கசிந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் தொடங்கும் ஈரம் நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு அக்டோபரில் திரும்ப வந்துவிடும்.

ஏ.சி. போட்டிருக்கிறோமே என்று கேட்பார்கள். ஏ.சி. ஓடும்வரை சரிதான், அணைத்த பிறகுதான் வினை. மழைக்காலத்தில் வெளிக்காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். பகல் முழுக்க ஏ.சி.யை 20இல் வைத்துக் கருவியின் அலுமினிய உடலைக் குளிரவிட்டிருக்கிறோம். மாலை ஐந்து மணிக்கு ஏ.சி.யை அணைத்துக் கதவைத் திறந்துபோட்டுப் பெருக்குகிறார்கள். ஈரக்காற்று உள்ளே வந்து 20 டிகிரி உலோகத்தைத் தொட்டதும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பதுபோலக் கருவியும் வியர்க்கும். மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே போகாது, உண்மைதான். ஆனால் மூடியின் ரப்பர் ஓரம் நாலு வருடத்தில் இறுகிவிடும். ஆகவே ஏ.சி. வெப்பநிலையை 25க்குக் கீழே கொண்டுபோகாமல் இருப்பதும், அந்த அறைக்கென்று ஒரு டீஹியூமிடிஃபையர் வாங்கி ஈரப்பதத்தை ஐம்பது, ஐம்பத்தைந்தில் நிறுத்துவதும்தான் சரியான வழி. பத்துக்குப் பத்து அறைக்குச் சின்ன இயந்திரமே போதும். அதன் வாளியைத் தினமும் கொட்ட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எஃப்.டி.ஐ.ஆர். கருவியை அணைக்கவே கூடாது என்று பல கையேடுகளில் இருக்கும். உள்ளே ஒளிமூலமும் மின்சுற்றும் தருகிற இளஞ்சூடுதான் உப்புத்தகட்டைக் காக்கிறது. சும்மா நிற்கும்போது 50 வாட் இழுத்தாலும் நாளுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். ஆனால் மே மாத விடுமுறைக்குக் கல்லூரியைப் பூட்டும்போது தளத்தின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவது நம் ஊர்ப் பழக்கம், பொறுப்பான பழக்கமும்கூட. மூன்று வாரம் கருவி குளிர்ந்து கிடக்கும். திறக்கும்போது ஜூன், மழை தொடங்கியிருக்கும். ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு எரியும், கணினியோடு இணையும், எல்லாம் சரி என்று ஆளும் போய்விடுவார். கெட்டது அன்றே தெரியாது. உப்புத்தகட்டின் பரப்பு லேசாக மங்கியிருக்கும். மங்கிய பரப்பு குறுகிய அலைநீளத்தைத்தான் முதலில் சிதறடிக்கும் என்பதால் நிறமாலையின் 4000 அலைஎண் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கு) பக்கம் மெல்லச் சரியும். கருவி வந்த முதல் நாள் எடுத்த வெற்று நிறமாலையைச் சேமித்து வைத்திருந்தால், இன்றையதை அதன்மேல் வைத்துப் பார்த்தவுடனே பிடிபடும். அந்தக் கோப்பு பெரும்பாலும் இருக்காது. கருவியை நிறுவ வந்த இன்ஜினியரின் லேப்டாப்பிலேயே போயிருக்கும்.

உலர்த்திகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மாற்றுகிறவர்களும் தவறாக மாற்றுகிறார்கள். கண்ணாடிக்குடுவையில் வரும் நீலச் சிலிக்கா ஜெல்லை 110 டிகிரி ஓவனில் மூன்று நாலு மணி நேரம் வைத்தால் நிறம் திரும்பிவிடும், மறுபடி போடலாம். கருவிக்குள் இருக்கும் உலோகக் குப்பியில் பல கம்பெனிக்காரர்கள் மாலிகுலர் சீவ் என்ற, நுண்துளைகளில் தண்ணீரைப் பிடிக்கும் மணிகளைப் போட்டுத் தருகிறார்கள். அது 110க்கு மசியாது. 250 டிகிரிக்கு அருகே போனால்தான் பிடித்துவைத்த தண்ணீரை விடும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒரே சூட்டில் சுட்டுவிட்டு, ‘புதுசாப் போட்டாச்சு’ என்று பதிவேட்டில் எழுதுவது நடக்கிறது. ஈரமான சீவ் உள்ளே போய் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். கையேட்டில் குப்பியின் சூடு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் ஓவனைத் தொடக்கூடாது. சூடாக எடுத்ததைத் திறந்த மேசைமேல் ஆறவிடவும் கூடாது. ஈரம் புகாத மூடிய பாத்திரமான டெசிகேட்டருக்குள்தான் ஆற வேண்டும்.

இரண்டு தலைப்பில் வரும் பணம்

திட்ட ஒப்புதல் கடிதம் வந்ததும் எல்லாரும் மொத்தத் தொகையைப் பார்ப்பார்கள். கீழே அட்டவணையில் இரண்டு தலைப்பு இருக்கும். ஒருதடவைச் செலவு, தொடர் செலவு. கருவி முதலாவதில். ஆராய்ச்சி மாணவர் சம்பளம், ரசாயனம், பயணம், சில்லறைச் செலவு எல்லாம் இரண்டாவதில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, பணம் கொடுத்த அமைப்பிடம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். திட்டம் மூன்று வருடம். கருவி பதினைந்து வருடம் உழைக்கக்கூடியது. நாலாவது வருடத்திலிருந்து அதற்குச் சோறு போடுவது யார் என்பதற்குக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் பதில்: கருவி நிறுவனத்தின் சொத்து, பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. கல்லூரி முதல்வர் மனு அனுப்பும் நாளிலேயே அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தச் சம்மதத்துக்குப் பின்னால் பட்ஜெட்டில் ஒரு பைசா ஒதுக்கீடு இருக்கிறதா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000இல் தொடங்கிய ஃபிஸ்ட் திட்டத்தில் பராமரிப்புக்கென்றே ஒரு தலைப்பு வைத்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. தனி ஆசிரியர் பெயரில் வரும் திட்டங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

தொடர் செலவுப் பணம் வரும் விதம் அதைவிடச் சங்கடம். முதல் தவணை வந்து, செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் போனால்தான் இரண்டாம் தவணை. சான்றிதழுக்கு ஜி.எஃப்.ஆர். 12ஏ என்ற படிவம். நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. டிசம்பரில் ஒப்புதலான திட்டத்துக்கு முதல் வருடம் என்பது நாலே மாதம். அதற்குள் கருவிக்கு டெண்டர் முடியாது. செலவழியாத பணத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போக அனுமதி கேட்டு ஒரு கடிதம். இப்போது பல மத்தியத் திட்டங்களில் பணம் கல்லூரியின் வங்கிக் கணக்கில் வந்து தங்குவதும் இல்லை. பூஜ்ய இருப்புக் கணக்கு, அதில் செலவு வரம்பு மட்டும். மார்ச் முடிந்தால் மிச்ச வரம்பு காலாவதி. அரசுப் பணம் வங்கிகளில் தூங்கக்கூடாது என்ற நோக்கம் நியாயமானதுதான். ஆனால் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் புது வரம்பு வரும்வரை ரசாயனக் கடைக்காரருக்கும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கும் மாணவருக்கும் ஒரே பதில்தான்: இன்னும் வரலை. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். உயர்ந்த தொகை மூன்று மாதம் சேர்ந்து வந்தால், வடசேரியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளை நடுவில் யாரிடம் கைநீட்டுவது?

வரியையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு முன்பு 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இருபது லட்சம் கருவிக்கு ஒரு லட்சம் வரி என்று கணக்குப் போட்டுப் பணம் வாங்கியவர்கள், 18 சதவீதத்தில் 3,60,000 கட்ட வேண்டியதாயிற்று. மேல்விழுந்த 2,60,000 எங்கிருந்து வந்தது? கருவியின் விலையில் குறைக்க முடியாது. உதிரி பீம் ஸ்பிளிட்டர் வேண்டாம், டீஹியூமிடிஃபையர் வேண்டாம், ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டாம், யூ.பி.எஸ். துறையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்று துணைப்பொருள்களைத்தான் ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். கருவியைக் காப்பாற்ற இருந்தவை அத்தனையும் அந்தப் பட்டியலில்தான் இருந்தன.

இந்தப் பக்கம் பெரிய மாற்றங்களும் நடக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பணம் தந்துவந்த மத்திய அமைப்பான எஸ்.இ.ஆர்.பி. இருந்த இடத்தில் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏ.என்.ஆர்.எஃப். வந்திருக்கிறது. ஐந்தாண்டில் 50,000 கோடி என்று இலக்கு, அதில் அரசின் பங்கு 14,000 கோடி, மிச்சம் தொழில்துறை முதலிய வெளி ஆதாரங்களிலிருந்து. பேர் (PAIR) என்ற திட்டத்தில் ஒரு பெரிய நிறுவனத்தை மையமாக வைத்து, வசதி குறைந்த பல்கலைக்கழகங்களைச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போலச் சேர்க்கிறார்கள். டேர் (TARE) திட்டத்தில் நம் கல்லூரி ஆசிரியர் ஆண்டுக்கு 90 நாள் ஐ.ஐ.டி. போன்ற இடத்தில் போய் வேலை செய்யலாம். நல்ல ஏற்பாடுகள். ஆனாலும் ஆரக்காலின் நுனியில் இருக்கும் கல்லூரியில் ஓவன் தெர்மோஸ்டாட் பழுதானால் யார் மாற்றுவது என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

வெறும் பெல்லட்

இந்தச் சின்னப் பழுதுகள் ஆராய்ச்சியின் உள்ளே எப்படிப் புகுகின்றன என்பதற்குத் தென்னைநாரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் வட்டாரத்துக் கல்லூரிகளில் மெக்கானிக்கல், சிவில் இரண்டிலும் நார் கலந்த காம்போசிட் வேலை நிறைய நடக்கிறது. நாருக்குப் பஞ்சமில்லை, செலவும் குறைவு. நாரை ரெசினோடு ஒட்டவைக்க முதலில் 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பார்கள். பிறகு லிட்மஸ் தாள் நடுநிலை காட்டும்வரை அலசி, 60 முதல் 80 டிகிரியில் ஒரு நாள் உலர்த்துவார்கள். நாரில் செல்லுலோஸோடு சேர்ந்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் போய்விட்டதா என்று எஃப்.டி.ஐ.ஆர். சொல்லும். 1735 அலைஎண் அருகே உள்ள பீக் மறைய வேண்டும், 1245 குறைய வேண்டும். லிக்னினின் 1510 அவ்வளவாக அசையாது. இதுவரை பிரச்சினை இல்லை. பிரச்சினை 3400 அருகே உள்ள அகலமான ஹைட்ராக்சில் மேட்டில்தான். சோடாவில் ஊறினால் ஹைட்ராக்சில் குறையும் என்றும் காரணம் சொல்லலாம், ஹெமிசெல்லுலோஸ் விலகியதால் செல்லுலோஸ் ஹைட்ராக்சில் வெளியே தெரியவந்தது, அதனால் கூடியது என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் மேற்கோள் கிடைக்கும். அதனால் மேடு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விளக்கம் தயாராக இருக்கும். தவறு ஒளிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் வேறில்லை.

ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பதப்படுத்தாத நார், ஒரு மணி நேரம் ஊறிய நார், நாலு மணி நேரம் ஊறிய நார் என்று ஒவ்வொன்றையும் கேபிஆர் பொடியோடு கலந்து பெல்லட்டாக, அதாவது வில்லையாக, அமுக்கி வரிசையாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். ஊறிய நேரம் கூடக்கூட 3430இல் மேடு பெரிதாகிறது. 1640இலும் ஒரு பீக் கூடவே வளர்கிறது. அண்ணே, டிரெண்டு நல்லா வந்திருக்குல்லா என்று அவர் காட்டும்போது, பழைய லேப் அசிஸ்டென்ட் பார்ப்பது 1640ஐ. அது தண்ணீர் மூலக்கூறின் வளைவு அதிர்வு. மக்கா, மத்தது கெடக்கட்டு, வெறும் கேபிஆர் ஒண்ணு அமுக்கிப் போடு பாப்போம் என்பார். நார் எதுவும் கலக்காமல் 200 மில்லிகிராம் கேபிஆர், 13 மில்லிமீட்டர் டை என்ற எஃகு அச்சில் 8 டன் அழுத்தம், இரண்டு நிமிடம், எடுத்து ஹோல்டரில் வைத்து 32 ஸ்கேன். திரையில் கோடு தட்டையாக ஓட வேண்டும். ஓடவில்லை. 3430இல் அதே மேடு, 1640இல் அதே பீக். நார் இல்லை, சோடா இல்லை, ஆனால் ‘ஹைட்ராக்சில் கூடியது’ மட்டும் இருக்கிறது. பதப்படுத்தாத நாரை ஏப்ரலில் எடுத்திருந்தார், நாலு மணி நேர நாரை ஜூலையில். படத்தில் வளர்ந்துகொண்டிருந்தது பருவமழை.

ஒரு வெற்றுப் பெல்லட்டால் மூன்று மாத வேலை சந்தேகத்துக்குள் வந்துவிடுகிறது. அதில் நாரின் பங்கு எவ்வளவு, கேபிஆர் குடித்த ஈரத்தின் பங்கு எவ்வளவு என்று பின்னால் பிரிக்க முடியாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும். கேபிஆர் ஏன் ஈரமானது என்று பின்னோக்கிப் போனால் சங்கிலி நீளமாக இருக்கும். ஐ.ஆர். தர கேபிஆர் 100 கிராம் பாட்டில் சில ஆயிரம் ரூபாய். இரண்டாம் தவணை வராததால் பழைய பாட்டிலையே ஓட்டியிருக்கிறார்கள். அதை 110 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்திருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். ஓவனின் தெர்மோஸ்டாட் போய், எழுபதைத் தாண்டவில்லை. அதை மாற்றக் கொடுத்த விண்ணப்பம் துறையிலிருந்து முதல்வர், முதல்வரிடமிருந்து கொள்முதல் பிரிவு, அங்கிருந்து மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று திரும்பத் துறைக்கு. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே 25,000 ரூபாய்வரை கொட்டேஷன் இல்லாமல், நல்ல தரம், நியாயமான விலை என்று அதிகாரி சான்று எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் சொல்லிவந்தன. அறிவியல் நிறுவனங்களுக்கு அந்த வரம்பு பிறகு கூட்டவும்பட்டது. விதி குறுக்கே நிற்கவில்லை. தணிக்கையில் பெயர் வரக்கூடாது என்ற பயத்தில் கல்லூரிகள் தாமாகவே கட்டிக்கொண்ட வேலிதான் குறுக்கே நிற்கிறது. என் கருத்து மாறிய இடம் இதுதான். ஆய்வகத்துக்காரர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்ததை நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வெற்றுப் பெல்லட் சோதனையைத் தினமும் செய்ய வேண்டும், அதற்கு ஐந்து நிமிடம் போதும். பெல்லட் போடும்போது நாரின் எடை 1 அல்லது 2 மில்லிகிராமுக்குமேல் வேண்டாம். நாரை அகேட் உரலில் மட்டும் அரைத்தால் நசுங்கிச் சுருளும், பொடியாகாது. முதலில் நன்றாக உலர்த்தி, கத்தரித்து, மில்லில் பொடித்துச் சலித்துவிட்டுப் பிறகு உரலுக்குக் கொண்டுவர வேண்டும். டையை உபயோகித்த உடனே தண்ணீரில் கழுவி, அசிட்டோன் விட்டுத் துடைக்க வேண்டும். கேபிஆர் ஒட்டியபடி ஒரு ராத்திரி கிடந்தால் மெருகிட்ட எஃகு முகத்தில் துரு புள்ளி வைக்கும், அப்புறம் ஒவ்வொரு பெல்லட்டும் அந்த இடத்தில் உடையும். பாலிஸ்டைரீன் ஃபிலிம் கருவியோடு வந்திருக்கும். வாரம் ஒருதடவை அதை வைத்து 1601 பீக் இடம் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும்.

டெண்டரில் எழுத வேண்டியவை

வாங்கிய பிறகு புலம்புவதைவிட வாங்கும்போதே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கடலோர மழைநாட்டுக் கல்லூரி என்றால் பீம் ஸ்பிளிட்டருக்கும் ஜன்னலுக்கும் ஜிங்க் செலினைடு கிடைக்குமா என்று கேட்கலாம். ஈரம் அதைத் தொடாது. 400 அலைஎண்வரை இறங்காது, ஐந்நூறு அறுநூறுக்கு அருகே நின்றுவிடும். நார், ரப்பர், பாலிமர் பார்ப்பவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. மணவாளக்குறிச்சி மணலில் உள்ள இல்மனைட், ரூட்டைல் மாதிரி உலோக ஆக்சைடு பார்ப்பவர்களுக்கு அந்தக் கீழ்ப்பகுதிதான் தேவை, அவர்கள் கேபிஆரோடுதான் குடும்பம் நடத்த வேண்டும். வைர ஏ.டி.ஆர். துணைக்கருவி வாங்கினால் பெல்லட் தொல்லை பாதி தீரும், நாரை அப்படியே அழுத்திப் படம் எடுக்கலாம். ஆனால் ஏ.டி.ஆர். வாங்கியதால் ஈரப் பிரச்சினையே தீர்ந்தது என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே பீம் ஸ்பிளிட்டர் அதே உப்புதான்.

இன்னொன்று பணம் சம்பந்தப்பட்டது, இதைத்தான் அழுத்திச் சொல்வேன். பராமரிப்பு ஒப்பந்தம் பிற்பாடு தொடர் செலவாக வந்தால் அதற்குத் தலைப்பு இல்லை. அதனால் டெண்டரிலேயே மூன்று வருட வாரண்டி, அதன்மேல் இரண்டு வருட முழுப் பராமரிப்பு, வருடத்துக்கு இரண்டு தடவை வந்து பார்ப்பது, உலர்த்திக் குப்பிகள் ஐந்து வருடத்துக்கு இத்தனை என்று எழுதி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாகக் கேட்க வேண்டும். குறைந்த விலை யாருடையது என்று ஒப்பிடும்போதும் இந்தச் சேர்ந்த விலையைத்தான் ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கருவியை மலிவாகக் கொடுத்துவிட்டு உதிரியில் பிடுங்குகிறவர் ஜெயிப்பார். இப்படி எழுதினால் கருவித் தலைப்பிலேயே அது அடங்கிவிடும். நிதியதிகாரி கேள்வி கேட்டால் முன்மாதிரி காட்டலாம், பல நிறுவனங்கள் இப்படித்தான் வாங்குகின்றன. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குக் கம்பெனி சொல்லும் தொகையை முதல் வருடமே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது. ஆறாவது வருடம் நம்மிடம் வேறு வழியில்லை என்று தெரிந்தபின் அவர்கள் சொல்லும் தொகை வேறாக இருக்கும்.

அதோடு ஆய்வகத்துக்கென்று ஒரு சுழல்நிதி. வெளி மாணவர்களுக்குச் சோதனை செய்து கொடுத்து வாங்கும் கட்டணம் பல்கலைக்கழகப் பொதுக்கணக்கில் போய் விழுந்தால் திரும்பி வராது. அதில் ஒரு பங்கு அந்தக் கருவியின் பெயரிலேயே நிற்க வேண்டும் என்று ஆட்சிக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டால் போதும். ஆய்வகப் பொறுப்பாளர் கையில் ஐயாயிரம் ரூபாய் முன்பணம், பில் கொடுக்கக் கொடுக்க நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடு. சிலிக்கா ஜெல், அசிட்டோன், டிஷ்யூ, ஃபியூஸ், தெர்மோஸ்டாட் எல்லாம் இதற்குள் அடங்கும். புதிய திட்டங்களுக்கு மனுப் போடுவதில் காட்டும் சுறுசுறுப்பில் கால்வாசி இந்த ஒரு தீர்மானத்துக்குக் காட்டினால், நம் பக்கத்துக் கல்லூரிகளில் மூடிக்கிடக்கும் கருவிகளில் பல திரும்ப ஓடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பாப்பனங்கோடு பஸ்

கருவி இறந்துபோன கல்லூரியின் மாணவர்கள் சும்மா இருப்பதில்லை. நாகர்கோவிலிலிருந்து சென்னை ஐ.ஐ.டி.யின் பகுப்பாய்வு வசதி எழுநூறு கிலோமீட்டர். திருவனந்தபுரமோ எழுபதுக்குள். 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றும் ஜனங்கள் திருவனந்தபுரம்தான் போகிறார்கள். சாம்பிளும் அதே வழியில் போகிறது. நகரத்துக்குள் நுழைவதற்கு முன்பே, பாப்பனங்கோட்டில், சி.எஸ்.ஐ.ஆரின் நிஸ்ட் இருக்கிறது. 1975இல் தொடங்கிய ஆய்வகம், 2007இல்தான் இந்தப் பெயர் வந்தது. களியக்காவிளையில் பஸ் மாறினால் பாப்பனங்கோட்டில் இறங்கிவிடலாம். அங்கே இடம் கிடைக்காவிட்டால் காரியவட்டம் பல்கலைக்கழக வளாகம், அதுவும் இல்லாவிட்டால் கொச்சி. நாடு முழுக்க எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேட ஐ-ஸ்டெம் இணையதளம் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய்து அந்தக் கருவி இன்று ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது உத்தமம்.

பஸ்ஸில் கொண்டுபோகும் சாம்பிளுக்கும் ஒரு முறை உண்டு. உலர்ந்த நார் பத்து சதவீதம்வரை ஈரத்தைச் சுலபமாக இழுத்துக்கொள்ளும், மழைநாளில் ஜன்னலோரம் மடியில் வைத்துக்கொண்டு போனால் உலர்த்திய வேலை வீண். சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூடியைப் பாராஃபிலிம் சுற்றி, குப்பியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு, அதை இன்னொரு டப்பாவில் வைக்க வேண்டும். பெயரை மார்க்கரில் எழுதினால் அசிட்டோன் பட்டதும் அழியும், பென்சிலில் எழுதிய துண்டைக் கவருக்குள் போடுவது பாதுகாப்பு. முடிவை வாங்கும்போது அச்சிட்ட படத்தோடு திருப்திப்படாமல் எண்களாக உள்ள கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும், ரெசல்யூஷன் 4 வைத்தார்களா 8 வைத்தார்களா, எத்தனை ஸ்கேன் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வெற்றுப் பெல்லட்டின் கோப்பையும் கேளுங்கள், தயங்காமல் தருவார்கள். கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. ரசீது மாணவர் பெயரில் இல்லாமல் கல்லூரி பெயரில், திட்ட எண்ணோடு இருந்தால்தான் பின்னால் கணக்கில் ஏறும். பெரும்பாலும் முதலில் மாணவர் கைப்பணம்தான் போகிறது, கல்லூரி அதைத் திருப்பிக்கொடுக்க எத்தனை மாதம் எடுத்துக்கொள்கிறது என்பதையும் ஆராய்ச்சி வசதிகளின் பட்டியலில் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் ஆசை.

கருவி இன்னும் உயிரோடு இருக்கிற கல்லூரிகளுக்கு இரண்டு தேதிகள். மே விடுமுறைக்குமுன் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு தடவை, வடகிழக்கு தொடங்குமுன் செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு தடவை, வட்டம் நீலமாகவே இருந்தாலும் உலர்த்தியை மாற்றிவிடுங்கள். எஃப்.டி.ஐ.ஆர். நிற்கும் அறைக்கு மெயின் ஸ்விட்சிலிருந்து தனி லைன் இழுக்க எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. அதுவரை அந்த ஸ்விட்சின்மேல் ‘அணைக்க வேண்டாம்’ என்று பெரிதாக ஒரு தாள் ஒட்டுங்கள். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. ராத்திரி வாட்ச்மேன் பாறசாலைக்காரராக இருக்கலாம்.